கிளவுஸைக் கழற்றும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்

2013 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலைப் பயிற்சி முடிந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். இடது கண்ணின் வெளி ஓரத்தில் பளிச்சென்று ஒரு மின்னல் வெட்டு. யாரோ போட்டோ எடுக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. கண்ணை மூடினேன். மூடின கண்ணுக்குள்ளும் அதே வெட்டு. முந்தின நாள் ஸ்பேரிங்கில், அதாவது பாக்ஸிங் பயிற்சி மோதலில், அந்தக் கண்ணில் ஒன்று வாங்கியிருந்தேன். வலுவான பஞ்ச் ஒன்றும் இல்லை, எதிரில் நின்ற பையனின் கட்டைவிரல் உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான். தண்ணீரை அள்ளி இரண்டு முறை அடித்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கே ஒரு கண் டாக்டரிடம் போயிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

நான் காசிமேட்டுக்காரன். அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. எங்கள் பக்கம் கிரிக்கெட்டுக்கு முன்னாலேயே பாக்ஸிங் வந்துவிட்டது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து மேடை போட்டு மோதிய கதைகளைத் தாத்தாக்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லுவார்கள். எங்கள் மாஸ்டருக்கு அதைவிடப் பெரிய பெருமை, 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்தது. வாரம் ஒரு முறையாவது அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். பதினான்கு வயதில் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். 60 கிலோ பிரிவு. நான்கு முறை மாநிலத் தங்கம், 2010-இல் ஒரு தேசிய வெண்கலம். பேட்டையில் இன்றைக்கும் யாராவது "சேம்பியன்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவன் நான்தான். பரிசு வாங்கிய ஒன்பது வருடத்தில் பணமாக என் கைக்கு வந்தது மொத்தம் 64,000 ரூபாய். பிறகு ஒருநாள் இராத்திரி தூக்கம் வராமல் சான்றிதழ்களையும் ஷீல்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒரு வருடத்துக்கு ஏழாயிரம் சொச்சம்.

சரி, அந்த வெட்டுக்கும் டாக்டரிடம் போனதற்கும் நடுவில் ஓடிய பதினொரு நாளுக்கு வருகிறேன். மின்னல் வெட்டிய மறுநாள் கண்ணுக்குள் கொசு பறக்கிற மாதிரி கரும்புள்ளிகள். பார்வையை நகர்த்தினால் அவையும் நகர்ந்தன. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் ஒரு தேர்வுப் போட்டி இருந்தது. எனக்கு வயது இருபத்தொன்பது, அதை விட்டால் அடுத்தது வருமோ வராதோ. மாஸ்டரிடம் சொன்னால் ரிங்கில் ஏற விடமாட்டார் என்று தெரியும். அம்மா மட்டும் கவனித்துவிட்டாள். "இன்னாடா கண்ணு, அந்தக் கண்ண கசக்கிக்கினே இருக்க?" என்றாள். தூசி என்றேன். ஆறாம் நாள் கண்ணின் கீழ்ப்பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரை ஏற ஆரம்பித்தது. அதோடும் பயிற்சிக்குப் போனேன். இடது பக்கக் கீழிருந்து வருகிற அப்பர்கட் தெரியாது, ஆனால் தோளின் அசைவை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கே பெருமை வேறு. பதினொன்றாம் நாள் காலையில் எழுந்து சுவர்க் காலண்டரைப் பார்த்தால் நடுவில் இருந்த தேதி இல்லை. ஓரங்கள் தெரிந்தன, நடுவில் ஒன்றும் இல்லை.

விழித்திரை பிரிந்துவிட்டது என்றார் டாக்டர். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கண்ணுக்குப் பின்சுவரில் ஒட்டியிருக்கிற மெல்லிய சவ்வுதான் விழித்திரை. அதில் ஒரு கிழிசல் விழுந்தால் கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியாகப் பின்னால் புகுந்து, ஈரச் சுவரிலிருந்து போஸ்டர் உரிகிற மாதிரி உரித்துக்கொண்டே போகும். கிழிசல் மட்டும் இருக்கும்போது போனால் லேசர் வைத்துச் சுற்றி ஒட்டி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உரிய ஆரம்பித்துவிட்டால் ஆபரேஷன்தான். அப்போதும் நடுப்பகுதி உரிவதற்கு முன்னால் செய்துவிட்டால் பார்வை பெரும்பாலும் மிஞ்சும். நான் நடுப்பகுதியும் உரிந்த பிறகு போனேன். எனக்குக் கிட்டப்பார்வையும் உண்டு, மைனஸ் நாலரை. அப்படிப்பட்டவர்களுக்கு விழித்திரை முன்பே மெலிந்திருக்கும், அடி வாங்கும் விளையாட்டு அவர்களுக்கு இன்னும் ஆபத்து. பதினைந்து வருடம் ரிங்கில் இருந்தும் இதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் முதன்முதலில் கேட்டேன். போட்டிக்கு முன்னால் நடக்கும் மருத்துவச் சோதனையில் டார்ச் அடித்து "விரல் எத்தனை?" என்று கேட்பார்களே, அதில் இது தெரியவே தெரியாது. சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாவையை விரியவைத்து, உள்ளே ஓரம் வரைக்கும் பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது. பாக்ஸிங் ஆடுகிறவன் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதைச் செய்துகொள்ள வேண்டும், கண்ணாடி போடுகிறவனாக இருந்தால் கட்டாயம். கண் மங்கலாகி அரை நாள் வேலை கெடும், அதற்குமேல் செலவு பெரிதாக இல்லை.

கிளவுஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலைக் கிளவுஸின் உடம்போடு சேர்த்துத் தைத்திருப்பது அழகுக்கு இல்லை, விரல் கண்ணில் போகாமல் இருப்பதற்கு. நான் பழகிய இடத்தில் இருந்த ஜோடிகள் எல்லாம் பழசு, பாதிக்குத் தையல் விட்டிருந்தது. அன்றைக்கு அந்தப் பையன் போட்டிருந்ததும் அப்படி ஒன்றுதான். ஹெட்கார்டு போட்டிருந்தேன். அது புருவத்தையும் கன்னத்தையும் காக்கும், கண்ணைக் காக்காது. ஐந்து ரூபாய் நைலான் நூலும் கோணி ஊசியும் இருந்தால் சரிசெய்திருக்கக்கூடிய விஷயம்.

பணக் கதைக்கு வருவோம். பதறிப்போய் முதலில் கண்ணில் பட்ட தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். ஆபரேஷன், சோதனைகள், மருந்து எல்லாம் சேர்த்து 87,000 ரூபாய். அம்மாவின் மூன்று சவரன் சங்கிலியை அடகு வைத்ததில் நாற்பதாயிரம், துறைமுகத்தில் வட்டிக்கு விடும் ஒருவரிடம் அறுபதாயிரம். அது அஞ்சு வட்டி, அதாவது மாதம் மூவாயிரம். இருபத்தாறு மாதம் வட்டி மட்டுமே கட்டினேன், 78,000 ரூபாய், அசல் அப்படியே நின்றது. சங்கிலி மூழ்கிப்போனது. நான்கு மாதம் வேலைக்குப் போகவில்லை, அதில் முப்பத்தாறாயிரம் போச்சு. எங்கள் குடும்ப வருமானத்துக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைத்திருக்கும். தெருவில் பாதிப் பேர் வாங்கி வைத்திருந்தார்கள். "எனக்கு என்ன நோய் வரப்போகுது, பாக்ஸர்" என்று நான் போகவே இல்லை. இன்னொன்று, எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, 1819-இல் தொடங்கியது. என் வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான் இருக்கும். விழித்திரை ஆபரேஷன் அங்கேயும் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. கவர்மென்ட் ஆஸ்பத்திரி என்றால் வயசானவர்களுக்குக் கண்புரை எடுக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விழித்திரை மறுபடி ஒட்டும்வரை தாங்கிப் பிடிக்க ஆபரேஷனில் கண்ணுக்குள் சிலிகான் எண்ணெய் வைத்திருந்தார்கள், அதை சில மாதம் கழித்து எடுக்க வேண்டும், அதற்குக் கையில் காசில்லாமல் எழும்பூருக்குப் போனேன். வரிசையில் நின்ற நேரம் அதிகம்தான், ஆனால் செலவானது பஸ் காசும் டீயும்.

ஆபரேஷன் முடிந்து பத்து நாளைக்குக் குப்புறப் படுத்திருக்கச் சொன்னார்கள். சாப்பிடும்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். வாழ்க்கையிலேயே நான் அதிகமாக அழுதது அப்போதுதான், அதுகூட அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று பயந்து பயந்து. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக் கீழிருந்து ஊட்டினாள். பார்க்க வந்த நண்பர்கள் தரையில் படுத்து என் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். முதல் நாள் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து யாரும் வரவில்லை. மாஸ்டர் மட்டும் ஒரு தடவை வந்து கட்டிலோரம் நின்றார். எனக்கு அவருடைய செருப்புதான் தெரிந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. இன்றைக்கு அந்தக் கண்ணால் ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. பின்னால் கண்புரையும் வந்து அதற்கு இன்னொரு ஆபரேஷன் ஆயிற்று.

ரிங் முடிந்துவிட்டது என்று புரிந்த பிறகு அரசு வேலையாவது கிடைக்குமா என்று பார்த்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அறிவிப்பு வந்திருந்தது. கோப்பு நிறைய சான்றிதழ், லேமினேட் செய்த பேப்பர் கட்டிங், நான்கு தங்கப் பதக்கம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் எதையும் புரட்டவில்லை. "படிவம் 2 எங்கே?" என்றார். படிவம் 2 என்றால் என்ன என்று அவரிடமே கேட்டேன். தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்கு மாநிலச் சங்கத்தின் செயலாளர் கையெழுத்திட்டுத் தரும் படிவம் அது. சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு 4. மேடையில் கொடுக்கும் வண்ணச் சான்றிதழை வீட்டுச் சுவரில் மாட்டலாம், வேலைக்கு இந்தக் காகிதம்தான். 2010-இல் வெண்கலம் வாங்கிய வாரமே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். மூன்று வருடம் கழித்துக் கேட்டபோது பொறுப்பில் இருந்த ஆட்கள் மாறியிருந்தார்கள். பழைய பதிவேடு யாரிடம் என்று ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார்.

நேரமும் எனக்கு எதிராக இருந்தது. 2012 டிசம்பரில் குத்துச்சண்டையின் உலக அமைப்பு நம் நாட்டின் தேசியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. 2014-இல் ஒரு புதிய அமைப்பு வந்து, அதுவும் நிலைக்காமல், 2016-இல் இப்போதைய கூட்டமைப்பு வந்த பிறகுதான் ஓரளவு நிலைமை சீரானது. அந்த நான்கு வருடத்தில் இருபது வயதில் இருந்த பையன்களை நினைத்தால் எனக்கு வந்ததுகூடப் பரவாயில்லை என்று தோன்றும். யார் நடத்தும் போட்டி செல்லும், யார் கையெழுத்து செல்லும் என்றே தெரியாமல் ஆடினார்கள். என் படிவம் பதினான்கு மாதம் கழித்துக் கையெழுத்தாகி வந்தது. அதற்குள் அந்த அறிவிப்பு முடிந்துபோய், அடுத்த அறிவிப்பில் கடைசி மூன்று ஆண்டுச் சாதனை மட்டும்தான் செல்லும் என்று போட்டிருந்தார்கள். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்: பதக்கத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. வேலைக்கு வேலை அந்த விதி மாறும், ஆகவே வென்ற வருடமே விண்ணப்பத்தைப் போட ஆரம்பிக்க வேண்டும். ஆடி முடித்துவிட்டு வேலை தேடலாம் என்பது என் நினைப்பாக இருந்தது. பதக்கம் புதிதாக இருக்கும்போது வேலை, வேலையில் இருந்தபடி ஆட்டம் என்று போனவர்கள்தான் பிழைத்தார்கள். என்னோடு ஆடிய ஒருவன் இருபத்தொரு வயதில் ஒரு துறையில் சேர்ந்தான். என்னைவிடச் சுமாரான பாக்ஸர், இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். இப்போது சொந்த வீடு கட்டிவிட்டான்.

ஆடி முடித்தவர்களுக்குப் பென்ஷன் வராதா என்று சிலர் கேட்கிறார்கள். மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது, ஓய்வுபெற்று முப்பது வயது ஆனவர்களுக்கு. ஒலிம்பிக் பதக்கம் என்றால் மாதம் 20,000 ரூபாய், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் என்று அதற்குக் கீழே படிப்படியாகக் குறையும். எல்லாமே சர்வதேசப் பதக்கங்களுக்குத்தான், என் மாதிரி தேசிய வெண்கலத்துக்கு அதில் இடமில்லை. நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்கு மாநில அரசு தருவதை வாங்க 58 வயது ஆக வேண்டும். பெரிய பதக்கம் இருந்தால் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். மாஸ்டர் வாயில் அலிக்கு அடுத்தபடியாக வரும் பெயர் கௌர் சிங். பஞ்சாப்காரர், ராணுவத்தில் இருந்தவர். 1980-இல் அலி இந்தியா வந்தபோது டெல்லியில் அவரோடு காட்சிப் போட்டி ஆடியவர், 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம், அர்ஜுனா, பத்மஸ்ரீ. அவர் இதய சிகிச்சைக்காக இரண்டு லட்சம் கடன் வாங்கிக் கட்ட முடியாமல் தவிக்கிறார் என்று 2017-இல் பேப்பரில் வந்தது. செய்தி வெளியான பிறகு ராணுவம் மூன்று லட்சமும், மத்திய அரசின் விளையாட்டு வீரர் நல நிதி ஐந்து லட்சமும் கொடுத்தன. 2023-இல் காலமானார். அந்தப் பேப்பரை மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த வாரம் அலி கதையைச் சொல்லவில்லை. நல நிதி என்று ஒன்று இருப்பதே எனக்கு அந்தச் செய்தியில்தான் தெரிந்தது. வீட்டில் முன்னாள் வீரர் யாராவது படுத்துவிட்டால் பேப்பர்காரர்கள் வரும்வரை காத்திருக்காமல் அதற்கு எழுதிப் போடுங்கள்.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் எடுத்து ஒரு வருடம் கழித்து, வெளி மாநிலத்தில் காசுக்கு ஆடும் ஒரு நிகழ்ச்சிக்கு ஆள் சேர்ப்பவர் போன் செய்தார். ஒரு பைட்டுக்கு இருபத்தைந்தாயிரம். மெடிக்கல் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். வட்டிக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த நேரம் அது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அமெரிக்க பாக்ஸர் சுகர் ரே லெனார்டுக்கும் இடது கண்தான், 1982-இல் ஆபரேஷன் செய்துகொண்டு 1987-இல் திரும்பி வந்து உலகச் சேம்பியன் ஹாக்லரையே ஜெயித்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, விடியற்காலையில் கடற்கரையில் ஓட ஆரம்பித்துவிட்டேன். எழும்பூரில் அடுத்த பரிசோதனைக்குப் போனபோது அந்த டாக்டரம்மாவிடம் லெனார்டு கதையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவருக்குக் கொஞ்சம் பிரிஞ்சிருந்தப்பவே பிடிச்சுட்டாங்க. நீங்க எத்தனாவது நாள் வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். "மெடிக்கல் நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். தலையில் அடிவாங்கி நாக்அவுட் ஆனால் முப்பது நாள், மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை ஆனால் தொண்ணூறு நாள், வருடத்தில் மூன்று என்றால் ஒரு வருடம் ரிங்கில் ஏறக் கூடாது என்பது நான் ஆடிய காலத்து அமெச்சூர் விதி. வீரரின் மெடிக்கல் புக்கில் டாக்டர் அதை எழுதுவார். அந்தப் புக் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லிப் புதிது வாங்கின பையன்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு தடவை அப்படி வாங்கியவன்தான்.

இப்போது பகலில் ஒரு ஜிம்மில் வேலை. காலை ஐந்தரை முதல் ஏழரை வரை எங்கள் பக்கத்துப் பையன்கள் பதினெட்டுப் பேருக்கும் நான்கு பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்பேரிங்குக்கு முன்னால் கிளவுஸ் எல்லாவற்றின் கட்டைவிரலையும் இழுத்துப் பார்ப்பேன். அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் விரலைப் பார்க்க வேண்டும், ஓரத்தில் மின்னுகிறதா, புள்ளி பறக்கிறதா, திரை தெரிகிறதா என்று கேட்பேன். ஒருவருக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்கள். என் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாமல் அவர்களுக்குள் என்னவோ பேசிக்கொண்ட பிறகு கிண்டல் நின்றுவிட்டது.

போன மாதம் ஒரு பையன், பதினேழு வயது, 57 கிலோ, நான் அந்த வயதில் இருந்ததைவிட நல்ல கை. விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் ஒரு நொடி தயங்கினான். "என்னடா?" என்றேன். ஒண்ணுமில்ல மாஸ்டர் என்றான். அந்த ஒண்ணுமில்லயை நான் சொல்லியிருக்கிறேன். அவனை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு எழும்பூருக்குப் போனேன். விழித்திரையின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு கிழிசல், உரிய ஆரம்பிக்கவில்லை. அன்றைக்கே லேசர் வைத்தார்கள், மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். எட்டு நாளில் மாவட்டத் தேர்வு இருந்தது. பட்டியலிலிருந்து அவன் பெயரை நானே அடித்தேன். கிளவுஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனவன் இன்னும் திரும்பி வரவில்லை. அவன் அம்மாவை மார்க்கெட்டில் பார்த்தேன். சாப்பிடுகிறானாம், ஸ்கூலுக்குப் போகிறானாம். என் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறானாம்.